மிச்சத்தில் வளரும் மாடு



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது பொங்கலுக்குச் சில நாட்களே மிச்சம் இருக்கும். கொம்புக்குப் பெயின்ட், புது மூக்கணாங்கயிறு, கழுத்துக்குச் சலங்கை எல்லாம் வாங்கியாச்சா? வாங்குங்கள், சந்தோஷமாகக் கொண்டாடுங்கள். கூடவே ஒரு சின்ன வேண்டுகோள். மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்குப் பொங்கல் ஊட்டுங்கள். ஆனால் ஒரு கைப்பிடி போதும். வாளி வேண்டாம்.

எந்தக் கால்நடை மருத்துவரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் அவருக்கு ஓய்வு கிடையாது. "காலையிலிருந்து அசைபோடல டாக்டர்", "வயிறு கல்லு மாதிரி இருக்கு", "எழுந்திருக்க மாட்டேங்குது" என்று போன் வந்தபடியே இருக்கும். சாணி தண்ணீராகப் போகும், புளித்த வாடை அடிக்கும். முந்தின நாள் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் பாசத்தோடு ஆளுக்கொரு உருண்டை ஊட்டியிருப்பார்கள். மிஞ்சியதைப் பாட்டி தொட்டியில் கொட்டியிருப்பார். யார் மேல் கோபப்படுவது?

மாட்டின் வயிறு நம் வயிறு இல்லை. அதன் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. புல்லையும் வைக்கோலையும் செரிப்பவை அவைதான். மாடு அவற்றுக்குச் சோறு போடுகிறது, அவை மாட்டுக்குச் சோறு போடுகின்றன. திடீரென்று குழைந்த அரிசியும் வெல்லமும் வாளிக்கணக்கில் உள்ளே போனால் சில மணி நேரத்தில் எல்லாம் புளித்து, லாக்டிக் அமிலமாகி, நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகின்றன. உடம்பில் உள்ள தண்ணீரெல்லாம் வயிற்றுக்குள் இறங்கிவிடும். சிகிச்சை தாமதமானால் ஓரிரு நாளில் மாடே போய்விடும். ஆட்டுக்கும் இதே கதைதான். களத்தில் காயும் நெல்லில் வாய்வைத்த ஆடு செத்துப்போவது எந்தக் கிராமத்துக்குப் புதிது?

பொங்கலை வைத்து ஆரம்பித்தேனே தவிர, விஷயம் ஒருநாள் கூத்து இல்லை. கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சாதம், ஹோட்டலில் வீணாகும் இட்லி, நாளாகிப்போன தோசை மாவு, ரேஷன் அரிசியில் காய்ச்சிய கஞ்சி. வருஷம் முழுக்க மாட்டுத்தொட்டிக்குப் போவது இவைதானே? "பால் நல்லா வருதுங்க" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். கொஞ்ச நாளைக்கு வரும். பிறகு கால் குளம்பு கெடும், சினை தங்காது, பாலில் கொழுப்புச் சத்து குறையும், சொசைட்டியில் கிடைக்கும் விலை இறங்கும். அப்போது தவிட்டுக்கடைக்காரர் மேல் சந்தேகம் வரும்.

கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், நம் வீடுகளில் மாடும் ஆடும் மிச்சத்தில்தான் வளர்கின்றன. நாம் தின்றதில் மிச்சமான சோறு. நெல் அறுத்ததில் மிச்சமான வைக்கோல். எதுவும் விளையாத மிச்ச நிலத்தில் மேய்ச்சல். சமையல், பிள்ளைகள், நூறு நாள் வேலை எல்லாம் முடிந்தபின் வீட்டுப் பெண்ணுக்கு மிச்சமிருக்கும் நேரம். ஆனால் வாரம் பிறந்தால் முதலில் கைக்கு வருவது பால் பணம். பள்ளிக்கூட ஃபீஸ், குழுக்கடன் தவணை, மளிகைக் கடைப் பாக்கி எல்லாம் அதில்தான் அடைபடும். அவசரத்துக்கு விற்க இரண்டு ஆடு கைவசம் இருக்கும். வீட்டுக்கு முதல் பணம் கொடுக்கும் ஜீவனுக்குக் கடைசிச் சாப்பாடு. இது எந்த ஊர் நியாயம்?

2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 95 லட்சம் மாடுகள், 45 லட்சம் செம்மறி ஆடுகள், 99 லட்சம் வெள்ளாடுகள். பெரிய பண்ணைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பெரும்பாலானவை ஒன்று இரண்டாக, ஐந்து பத்தாக நம் வீட்டுக் கொல்லையில் நிற்பவை. அதனால்தான் இதைப் பண்ணையாளர் பிரச்சினையாக ஒதுக்காமல் குடும்பப் பிரச்சினையாக இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன்.

முதலில் தீவனம். மாட்டுக்கென்று ஒரு பயிர் வையுங்கள். பத்து சென்ட் போதும். "இருக்கிறதே ஒரு ஏக்கர், அதுல மாட்டுக்கா?" என்று வீட்டு ஆண்கள் கேட்பார்கள். கேட்கட்டும். கணக்குச் சொல்லுங்கள். கோ-5 என்கிற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை ஒருமுறை கரணை நட்டால் போதும். முதல் அறுப்புக்கு இரண்டரை மாதம், அதன்பிறகு 45 நாளுக்கு ஒரு அறுப்பு. நன்றாகப் பராமரித்தால் ஏக்கருக்கு வருஷத்தில் 140 டன்னுக்கு மேல் கிடைக்கும் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகக் கணக்கு. நம் கொல்லையில் அவ்வளவு வராது, பாதிதான் வரும் என்றே வையுங்கள். அப்போதும் பத்து சென்டில் நாளுக்கு 20 கிலோ பசும்புல் நிச்சயம். ஒரு கறவை மாட்டின் பெரும்பங்குத் தேவை தீர்ந்தது. குளியலறைத் தண்ணீரும் தொட்டி கழுவிய தண்ணீரும் பாய்கிற இடத்தில் நட்டால் தண்ணீர்க் கவலையும் பாதியாகும்.

புல் மட்டும் போட்டால் போதாது. மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு பயறு வகைத் தீவனம் சேர வேண்டும். வேலிமசால் விதைத்துவிட்டால் மூன்று நான்கு வருஷம் வெட்டிக்கொண்டே இருக்கலாம். வேலியோரத்தில் நாலு அகத்தி, நாலு கிளைரிசிடியா. பிண்ணாக்கு விலை ஏறும்போதெல்லாம் அந்த மரங்களை நன்றியோடு நிமிர்ந்து பார்ப்பீர்கள். புரதம் தழையில் இருக்கிறது, நாம்தான் அதை மூட்டையில் தேடுகிறோம்.

வைக்கோல் பற்றி ஒரு வார்த்தை. வைக்கோல் வயிற்றை நிரப்பும், உடம்பைத் தேற்றாது. அதில் இருக்கும் புரதம் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான். வெறும் வைக்கோலும் கழனித்தண்ணீரும் குடித்து எலும்பு தெரிய நிற்கும் மாட்டைப் பார்த்து "சாதி அப்படி" என்று சொல்லாதீர்கள். அதே சமயம் வைக்கோலே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. நீளமான நார் இருந்தால்தான் மாடு நன்றாக அசைபோடும். அசைபோட்டால்தான் உமிழ்நீர் சுரக்கும். ஒரு பெரிய மாடு நாளைக்கு 100 லிட்டருக்கும் மேல் உமிழ்நீர் சுரக்கிறது. நாம் ஆப்பத்துக்குப் போடும் சோடா உப்பு இருக்கிறதே, அதே சரக்கு அதில் உண்டு. வயிற்றுப் புளிப்பை மாடே தன் உமிழ்நீரால் சரிசெய்துகொள்கிறது. நாம் நாரைக் குறைத்துச் சோற்றைக் கூட்டினால் சோடாவைக் குறைத்துப் புளிப்பைக் கூட்டுகிறோம் என்று அர்த்தம். இதற்கு மேல் விஞ்ஞானம் வேண்டாம்.

(டெல்டா வாசகர்கள் சிரிப்பது தெரிகிறது. அறுவடை மெஷின் வந்ததிலிருந்து வைக்கோல் பொடிப்பொடியாக வயலில் கிடக்கிறது, அதைக் கட்ட இன்னொரு மெஷின், அதற்கு வாடகை, பிறகு கட்டுக்கு ஒரு விலை. சொந்த வயல் வைக்கோலையே காசு கொடுத்து வாங்கும் காலம் இது. அதற்காகத்தான் அந்தப் பத்து சென்ட்.)

யூரியா தெளித்து ஊட்டமேற்றிய வைக்கோல் நல்ல முறைதான். ஆனால் அளவு தப்பினால் விஷம். பழகியவர் ஒருவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்காமல், வாட்ஸ்அப் செய்தியை நம்பி அதில் இறங்காதீர்கள். மழை பெய்து பசுந்தீவனம் மிஞ்சும் மாதங்களில் மக்காச்சோளத்தை நறுக்கி, காற்றுப் புகாத டிரம்மில் அழுத்தி மூடி ஊறுகாய்ப்புல் போட்டுவைப்பது அதைவிடப் பத்திரம். 45 நாளில் தயார். சித்திரை, வைகாசியில் கை கொடுக்கும்.

மழைக்காலத்தில் சேர்த்துக் கோடையில் தின்பது நமக்குப் புதிதா என்ன? காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் போயிருக்கிறீர்களா? அங்கே கொரங்காடு என்று ஒன்று உண்டு. மழை குறைந்த மண். நெல்லும் கரும்பும் விளையாது. அந்த நிலத்தை நாலைந்து ஏக்கராகப் பிரித்து, சுற்றிலும் கிளுவை நட்டு உயிர்வேலி போட்டிருப்பார்கள். உள்ளே கொழுக்கட்டைப்புல். இடையிடையே வெள்வேல மரங்கள். மழை பெய்தால் புல் முளைக்கும். அதில் ஒரு காட்டை மேய்த்துவிட்டு அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள். மேய்ந்த காடு இளைப்பாறித் துளிர்க்கும். புல் காய்ந்து தீர்ந்துபோகும் மாதங்களில் வெள்வேலங்காய் உதிரும். செம்மறி ஆடுகள் அதைப் பொறுக்கித் தின்றே உடம்பு பிடித்து நிற்கும்.

காங்கேயம் காளை என்று உலகம் கொண்டாடுகிறதே, அதன் திமிலுக்குப் பின்னால் இந்தப் புல்காடு இருக்கிறது. அங்கே மட்டும் நிலத்தின் மிச்சத்தை மாட்டுக்கு விடவில்லை, நிலத்தையே மாட்டுக்குக் கொடுத்தார்கள். அதனால்தான் அந்த வறண்ட பூமியில் ஓர் இனம் உருவானது. இன்று காற்றாலைக்கும் வீட்டுமனைக்கும் பல கொரங்காடுகள் போய்க்கொண்டிருக்கின்றன. காட்டை விட்டுவிட்டுக் காளையை மட்டும் காப்பாற்ற முடியுமா?

அடுத்து தண்ணீர். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, இதைக்கூடவா சொல்வார்கள் என்று நினைப்பீர்கள். பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். கோடையில் ஒரு கலப்பினக் கறவை மாடு நாளைக்கு 80 லிட்டர் வரை குடிக்கும். ஆனால் பல வீடுகளில் காலை ஒரு வாளி, மாலை ஒரு வாளிதான். அதுவும் தவிடு கரைத்துக் கலங்கிய தண்ணீர். மாட்டின் முன்னால் எப்போதும் சுத்தமான தண்ணீர் இருக்கட்டும். வேறு எதையும் மாற்றாமல் இதை மட்டும் செய்து பாலைக் கூட்டிக்கொண்டவர்கள் உண்டு.

அடர்தீவனத்துக்கு எளிய கணக்கு ஒன்று. மாட்டின் உடம்புக்காக ஒன்று அல்லது ஒன்றரை கிலோ. அதற்கு மேல், கறக்கும் ஒவ்வொரு இரண்டரை, மூன்று லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. பசுந்தீவனம் தாராளமாக இருந்தால் இதில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். தாது உப்புக் கலவை மாட்டுக்கு நாளுக்கு 50 கிராம், ஆட்டுக்கு 10 கிராம். "மூணு தடவை ஊசி போட்டும் சினை நிக்கலை" என்று புலம்புகிறவர்கள், ஊசியைக் குறை சொல்லும் முன் இந்த 50 கிராமை யோசியுங்கள். எதை மாற்றினாலும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பத்து நாளாவது கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்களுக்கு அந்த அவகாசம் வேண்டும். பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கைக் காயவைத்துப் போட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்தப் பூஞ்சையின் நஞ்சு வெயிலில் காய்ந்தாலும் போகாது, பால் வழியாகவும் வரும். அந்தப் பாலைக் குடிப்பது நம் பிள்ளைதானே?

சேலம், நாமக்கல் வாசகர்களுக்கு மரவள்ளி இலையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மரவள்ளி இலையிலும், மழையில்லாமல் வாடிய இளஞ்சோளப் பயிரிலும் சயனைடு நஞ்சு உண்டு. சோளம் பூக்கும் முன் அதில் மாட்டை விடாதீர்கள். தெரியாமல் மேய்ந்துவிட்டால் நிமிடக் கணக்கில்தான் நேரம். மாற்று மருந்து கால்நடை மருத்துவரிடம் இருக்கிறது, உடனே கூப்பிட வேண்டும்.

இப்போது கன்றுக்குட்டிக்கு வருவோம். மாடு ஈன்ற வீட்டில் சீம்பால் காய்ச்சுவது ஒரு கொண்டாட்டம். வெல்லமும் ஏலக்காயும் போட்டு, அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கிண்ணத்தில் கொடுத்தனுப்புவோம். அது தப்பில்லை. கன்று குடித்தபின் மிஞ்சியது நமக்கு, அவ்வளவுதான். இந்த ஓர் இடத்தில் மிச்சம் நம் பங்காக இருக்கட்டும்.

ஏன் தெரியுமா? மனிதக் குழந்தை தாய் வயிற்றிலேயே ஓரளவு நோய் எதிர்ப்புச் சக்தி வாங்கிக்கொண்டு பிறக்கிறது. கன்றுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் அப்படி இல்லை. தாயிடமிருந்து வரவேண்டிய பாதுகாப்பு முழுக்கச் சீம்பாலில்தான் இருக்கிறது. அதை உறிஞ்சிக்கொள்ளும் கதவும் கன்றின் குடலில் நேரம் ஆக ஆக மூடிக்கொண்டே வந்து, ஒரு நாளில் அடைபட்டுவிடும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் உள்ளே போக வேண்டும். முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். "நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் ஊட்டலாம்" என்று காத்திருக்கும் பழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. அம்மா, அத்தை, பாட்டி யார் சொன்னாலும் அன்போடு மறுத்துவிடுங்கள். நஞ்சுக்கொடி தன் நேரத்துக்கு விழும். கன்று வாய்வைத்துக் குடித்தால் சீக்கிரம் விழவும் செய்யும்.

ஈன்ற ஓரிரு நாளில் நன்றாகப் பால் கொடுக்கும் மாடு திடீரென்று கழுத்தை மடித்துப் படுத்துவிட்டால் பயந்து மந்திரிக்க ஓடாதீர்கள். அதற்குப் பால் காய்ச்சல் என்று பெயர். உண்மையில் காய்ச்சலே இருக்காது, உடம்பு சில்லிட்டிருக்கும். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து திடீரென்று இறங்கிவிடுவதுதான் காரணம். டாக்டர் வந்து கால்சியம் ஏற்றினால், செத்தது என்று நினைத்த மாடு பெரும்பாலும் அன்றே எழுந்து நிற்கும். நேரம் கடத்தினால் எழாது.

ஆட்டுக்காரர்கள் கோபிப்பதற்குள் அவர்கள் பக்கம் வருகிறேன்.

பட்டியிலேயே கொழுகொழுவென்று இருந்த குட்டிதான் துள்ளித் துள்ளி விழுந்து செத்துப்போகும். நோஞ்சான் குட்டிக்கு ஒன்றும் ஆகாது. "கண்ணு பட்டுடுச்சு" என்று பட்டி வாசலில் கருப்புக் கயிறு கட்டுவார்கள். துள்ளுமாரி என்று நம் பெரியவர்கள் சரியாகத்தான் பெயர் வைத்தார்கள். முதல் மழைக்குப் பிறகு முளைக்கும் இளம்புல்லை ஆசையாக மேய்ந்த குட்டியின் குடலில், ஏற்கெனவே அங்கிருக்கும் ஒரு கிருமி பெருகி நஞ்சு கக்குகிறது. நிறையத் தின்ற குட்டிக்குத்தான் ஆபத்து, அதனால்தான் கொழுத்தது போகிறது. மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிட்டால் எந்தக் கண்ணும் படாது.

ஆட்டுக்கொல்லி நோயை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கில் சளி, வாயில் புண், கழிச்சல், மூச்சிரைப்பு என்று ஒரு பட்டியையே சில நாளில் காலி செய்துவிடும். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் விழுப்புரம் பக்கத்து அரசூர் கிராமத்தில், 1987-இல். அந்த ஊர்ப் பெயரிலேயே வைரஸ் வகை ஒன்று இருக்கிறது. அதிலிருந்தே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் தடுப்பூசியும் உருவானது. ஒருமுறை போட்டால் மூன்று வருஷம் தாங்கும். நம் மண்ணில் கண்டுபிடித்த நோய், நம் மண்ணிலேயே கண்டுபிடித்த மருந்து. பிறகும் அந்த நோயில் ஆடு செத்தால் அதை விதி என்றா சொல்வது?

தடுப்பூசியால் நோயையே ஒழிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற வெக்கை நோய் உங்கள் தாத்தாக்களுக்குத் தெரியும். உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. 2011-இல் அது உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதர் ஒழித்த இரண்டாவது நோய் அதுதான். ஆட்டுக்கொல்லி வைரஸ் அந்த வெக்கை வைரஸின் பங்காளி. இதையும் 2030-க்குள் ஒழித்துவிட வேண்டும் என்பது உலக அளவில் வைத்திருக்கும் இலக்கு. அதில் நம் பட்டியின் பங்கு, சந்தையிலிருந்து வாங்கிவந்த ஆட்டை அன்றே மந்தையில் சேர்க்காமல் மூன்று வாரம் தனியாகக் கட்டி வைப்பது. தீபாவளி, பக்ரீத் நேரத்துச் சந்தைகளில் எங்கெங்கிருந்தோ ஆடுகள் வந்து கலக்கின்றன. நல்ல விலைக்கு வாங்கினோம் என்று சந்தோஷப்படும் ஆடு, கூடவே எதைக் கொண்டுவருகிறது என்று யாருக்குத் தெரியும்?

புழுமருந்து விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டின் கீழ் இமையை விலக்கிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தால், தாடைக்கடியில் நீர்கோத்துத் தொங்கினால், ரத்தம் குடிக்கும் புழு உள்ளே இருக்கிறது. மழைக்கு முன்னும் பின்னும் மருந்து கொடுப்பது வழக்கம். ஆனால் ஒரே மருந்தை வருஷக்கணக்கில், எடை பார்க்காமல், கண்ணளவில் குறைத்து ஊற்றினால் புழுவுக்கு அது பழகிவிடும். எது, எவ்வளவு என்பதைச் சாணத்தைப் பரிசோதித்துவிட்டு டாக்டர் சொல்லட்டும். கால்நடை மருந்தகத்துக்கு ஒரு தீப்பெட்டியில் கொஞ்சம் புழுக்கை கொண்டுபோவதில் என்ன வெட்கம்?

சிலர் யூடியூப் பார்த்துவிட்டு வெளியூர் ஆடு ஒன்றை ஐம்பதாயிரம், லட்சம் கொடுத்து வாங்கி வருகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் மேச்சேரியும் ராமநாதபுரம் வெள்ளையும் கீழக்கரிசலும் வேம்பூரும் நம் வெயிலில், நம் முள்ளுக்காட்டில் பிறந்து வளர்ந்த இனங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் இவற்றில் ஆரம்பிப்பதே என் கட்சி.

மாட்டுக்குக் கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டு வாசலுக்கே வருகிறது, இலவசமாக. 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியத் திட்டம் அது. முகாம் அறிவித்ததும் மாட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுகிறவர்கள் நம்மில் இல்லையா? "ஊசி போட்டா பால் குறையும்." ஆமாம், இரண்டு மூன்று நாள் கொஞ்சம் குறையலாம். கோமாரி வந்தால்? வாயிலும் குளம்பிலும் புண், தீனி எடுக்காது, பால் அந்த ஈற்றுக்குத் தேறாது. பிழைத்த பிறகும் சில மாடுகள் வெயிலில் நாய்போல் இரைத்துக்கொண்டே நிற்கும். தாயிடம் குடிக்கும் கன்று இதயம் பாதித்துத் திடீரென்று செத்துப்போகும். எது நஷ்டம் என்று நீங்களே சொல்லுங்கள்.

மடிநோய்க்கு இன்னும் எளிதான காவல் உண்டு. கறந்து முடித்தபின் அரைமணி நேரமாவது மாடு படுக்கக் கூடாது, காம்பின் துளை அதுவரை திறந்தே இருக்கும். கறந்த கையோடு புல்லைப் போட்டுவிடுங்கள், அது பாட்டுக்கு நின்று தின்னும். நோய் தொடங்கிவிட்டால் சோற்றுக்கற்றாழை, மஞ்சள்தூள், சுண்ணாம்பு சேர்த்து அரைத்துப் பூசும் மூலிகை முறை ஒன்றைப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி போன்றவர்கள் பரப்பினார்கள். பலன் கண்டவர்கள் ஏராளம். ஆரம்பத்திலேயே பூசினால் நல்லது. மடி கல்லாகிக் காய்ச்சலும் வந்தபின் கற்றாழையை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

மருந்துக்கடையில் வாங்கி நாமே ஊசி போட்டுவிடும் பழக்கம் பரவிவருகிறது. தயவுசெய்து வேண்டாம். ஆன்டிபயாடிக் போட்ட மாட்டின் பாலை டாக்டர் சொல்லும் நாள்வரை யாருக்கும் ஊற்றக் கூடாது. அது கேனுக்குள் போனால் எங்கோ ஒரு கைக்குழந்தையின் பாட்டிலுக்குப் போகிறது. வலிநிவாரணியும் அப்படித்தான். மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக், செத்த மாட்டைத் தின்ற கழுகுகளைக் கூட்டத்தோடு கொன்றது. 2006-இல் மாடுகளுக்கு அதைத் தடை செய்தார்கள். நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறுக் கழுகுகளைப் பார்க்கும்போது, நம் தொழுவத்தில் போடும் ஊசி எவ்வளவு தூரம் போகிறது என்று புரியும்.

கடைசியாக வீட்டு ஆண்களுக்கு. மாடு எப்போது தீனி குறைத்தது, எந்தக் காம்பில் பால் திரிந்தது, எந்த ஆடு தனியாக நிற்கிறது என்பதெல்லாம் முதலில் தெரிவது உங்கள் மனைவிக்கோ அம்மாவுக்கோதான். ஆனால் டாக்டரைக் கூப்பிடுவதும் தீவனம் வாங்குவதும் உங்கள் முடிவாக இருக்கிறது. "சாயங்காலம் பார்த்துக்கலாம்" என்ற ஒரு சொல்லில் போன மாடுகள் எத்தனை! அவர்கள் சொன்ன உடனே போனை எடுங்கள். போனும் பணமும் அவர்கள் கையிலேயே இருந்தால் இன்னும் நல்லது.

வழக்கம்போல உங்கள் சந்தேகங்களை எழுதி அனுப்புங்கள். தெரிந்த மருத்துவர்களிடம் கேட்டு அடுத்தடுத்த இதழ்களில் பதில் தருகிறோம். ஆனால் மாடு படுத்துக்கிடக்கும்போது எங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962, கட்டணம் கிடையாது. இன்றைக்கே தொழுவச் சுவரில் சுண்ணாம்பால் பெரிதாக எழுதி வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்